கிடங்கில் பேட்டரி டிராலி: அங்கத்தினர் கற்கவேண்டிய பாதுகாப்புப் பாடம்

கூட்டுறவுச் சங்கத்தின் கிடங்கு, அங்கத்தினர் ஒவ்வொருவருடைய வீட்டுக் குதிருக்கும் ஒப்பானது. குதிரில் உள்ள நெல் குறைந்தால் குடும்பத்துக்கு நட்டம். கிடங்கில் உள்ள சரக்குக் குறைந்தால் சங்கத்துக்கு நட்டம். இவ்வளவும் யாவரும் அறிந்ததே. ஆனால், அக்கிடங்கில் மூட்டை சுமப்பவருடைய கையோ காலோ முறிந்தால் அது யாருடைய நட்டம்? எந்த வரவு செலவுக் குறிப்பில் அது எழுதப்படுகிறது? இவ்வினாவுக்கு விடை காணும்பொருட்டே இம்மாதப் பாடத்தை எழுதுகிறோம்.

நமது மாவட்டத்துக்குக் கூட்டுறவு புதியதன்று. 1904ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்த அதே ஆண்டிலேயே, அக்காலச் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த திரூரில் வேளாண்மைக் கடன் சங்கம் தோன்றிவிட்டது. கடன் கொடுப்பதோடு நில்லாமல், விளைபொருளைச் சேமித்து வைத்து நல்ல விலைக்கு விற்கவும் சங்கங்கள் முன்வரவேண்டும் என்னும் கருத்து 1950க்குப் பின் வலுப்பெற்றது. 1957இல் மத்தியக் கிடங்குக் கழகமும், 1958இல் நமது மாநிலக் கிடங்குக் கழகமும் அமைந்தன. அண்மையில், 2023 மே மாதத்தில், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களிலேயே தானியக் கிடங்குகள் கட்டும் பெருந்திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. 2024 பிப்ரவரி 24ஆம் நாள் அத்திட்டத்தின் முன்னோடிக் கிடங்குகள் 11 மாநிலங்களில் 11 சங்கங்களில் திறக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று நமது மாநிலத்தில், தேனி மாவட்டத்தில் உள்ளது.

கிடங்கு பெரிதாகும்போது தலைச்சுமையும் கைவண்டியும் போதாவாகின்றன. இயந்திரம் வருகிறது. செங்கற்பட்டுச் சாலையில் மறைமலைநகர் பக்கம் உள்ள பெருந்தொழிற்சாலைகளின் பண்டகசாலைகளில் நெடுநாளாகப் பழகிய ஒரு கருவி, இன்று செய்யூர், சித்தாமூர், மதுராந்தகம் வட்டாரச் சங்கங்களின் கதவையும் தட்டக்கூடிய நிலை வந்துள்ளது. அதுவே மின்விசையால் இயங்கும் பேலட் வண்டி. நமது தொழிலாளர் இதனைப் ‘பேட்டரி டிராலி’ என்று சுருக்கமாக அழைப்பர். இக்கட்டுரையிலும் அப்பெயரையே கொள்வோம்.

கருவி யாது?

பேலட் என்பது மரச்சட்டங்களாலோ பிளாஸ்டிக்காலோ ஆகிய ஒரு மேடை. பெரும்பாலும் 1,200 மில்லிமீட்டர் நீளமும் 1,000 மில்லிமீட்டர் அகலமும் உடையது. மூட்டைகளை இதன்மேல் அடுக்கினால், ஒவ்வொரு மூட்டையாகத் தூக்காமல் மேடையோடு ஒருசேர நகர்த்தலாம். டிராலிக்கு இரண்டு நீண்ட இரும்புக் கரங்கள் உண்டு. அவை பேலட்டின் அடியில் நுழைந்து, எண்ணெய் அழுத்தத்தால் சில அங்குலம் உயர்ந்து, மேடையைத் தரையிலிருந்து விடுவிக்கும். உயரே தூக்கி அடுக்குவது இதன் வேலை அன்று. தரையோடு தரையாக இழுத்துச் செல்வதே வேலை.

வண்டியின் முன்புறத்தில் நீண்ட கைப்பிடி ஒன்று உள்ளது. ஓட்டுபவர் அதனைப் பிடித்து உடன் நடந்து செல்வார். கைப்பிடியின் தலையில் கட்டைவிரலால் அழுத்தும் ஓட்ட விசை, கரத்தை ஏற்றும் பொத்தான், இறக்கும் பொத்தான், ஒலிப்பான் ஆகியவை இருக்கும். கைப்பிடியை நேர் மேலே நிறுத்தினாலும், தரையை நோக்கி முழுதும் தாழ்த்தினாலும் வண்டி நின்றுவிடும். இடைப்பட்ட சாய்வில் மட்டுமே ஓடும். கையை விட்டால் கைப்பிடி தானே மேலெழுந்து தடை விழும். இவை யாவும் ஓட்டுபவரின் உயிரைக் காக்க அமைந்தவை.

இவற்றுள் தலையாயது ஒன்று உண்டு. கைப்பிடித் தலையின் நுனியில், ஓட்டுபவருடைய வயிற்றை நோக்கி, அகன்ற பொத்தான் ஒன்று அமைந்திருக்கும். ஓட்டுபவர் சுவருக்கும் வண்டிக்கும் நடுவே அகப்படும்போது அப்பொத்தான் அவர் வயிற்றில் பட்டவுடன் வண்டி எதிர்ப்பக்கம் விலகிச் சென்று நின்றுவிடும். இதனை ‘வயிற்றுப் பொத்தான்’ என்போம். இப்பெயரை அன்பர்கள் மறவாதிருக்க வேண்டுகிறோம். இக்கட்டுரையின் உயிர்நிலை அதுவே.

இதன் வலிமை எவ்வளவு?

மெல்ல நடக்கும் கருவிதானே என்று பலர் இதனை எளிதாக எண்ணுகின்றனர். கணக்கிட்டுப் பார்ப்போம். ஆயிரம் கிலோ சரக்கும், ஈய அமில பேட்டரியோடு கூடிய வண்டியின் எடை சுமார் 400 கிலோவும் சேர்ந்து 1,400 கிலோ ஆகிறது. இது மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது மனிதன் விரைந்து நடக்கும் வேகத்தில், செல்வதாகக் கொள்வோம். அப்போது அது மோதும் வலிமை, 50 கிலோ மூட்டை ஒன்று இரண்டேமுக்கால் மீட்டர் உயரத்திலிருந்து விழும் வலிமைக்குச் சமம். அட்டியின் உச்சியிலிருந்து மூட்டை விழுகிறது என்றால் யார்தான் அதன் கீழ் நிற்பார்?

மேலும், அவ்வேகத்தில் வண்டி ஒரு விநாடியில் நாலரை அடி தூரம் செல்லும். ஆபத்தைக் கண்டு, உணர்ந்து, விரலை எடுக்க மனிதனுக்கு ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். தடை விழுவதற்கு முன்பே நாலரை அடி போய்விட்டது என்பதே இதன் பொருள்.

ஒரு கிடங்கில் நேர்ந்தது

சில ஆண்டுகளுக்கு முன் நாம் ஆய்வுக்குச் சென்ற ஒரு சங்கத்தின் பெயரை ஈண்டுக் கூறப்போவதில்லை. கடற்கரைக்கு அணித்தான ஊர். நல்ல சங்கம், கணக்குகள் ஒழுங்கு, வாராக்கடன் குறைவு. கிடங்கில் உரமும் நெல்லும் நிலக்கடலையும் இருந்தன. முந்திய ஆண்டில் பழைய பேட்டரி டிராலி ஒன்றை வாங்கியிருந்தனர். விற்றவருடைய ஆள் அரைமணி நேரம் ஓட்டிக் காட்டிவிட்டுச் சென்றார். அன்றிலிருந்து முப்பது ஆண்டுகள் மூட்டை சுமந்த பெரியவர் ஒருவரே அதனை ஓட்டிவந்தார்.

நாம் இருப்பைச் சரிபார்த்துக்கொண்டு அட்டிகளிடையே நடந்தபோது, கைப்பிடியின் நுனியில் கறுப்புநிற டேப்பு சுற்றியிருப்பதைக் கண்டோம். யாதென வினவினோம். “அந்தப் பொத்தான் துரு ஏறி ஒட்டிக்கொள்கிறது, ஐயா. தொட்டவுடன் வண்டி பின்னுக்கு ஓடித் தொல்லை கொடுத்தது. ஆகையால் கம்பியைக் கழற்றிவிட்டுச் சுற்றி வைத்திருக்கிறோம்” என்றார் பெரியவர். உடன் நின்ற செயலாளரும் ஆம் என்றார். நாமும் தலையசைத்துவிட்டு அடுத்த அட்டியை எண்ணச் சென்றோம். ஆய்வுப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லை. எனவே குறிப்பில் ஒரு வரியும் எழுதவில்லை.

மூன்று வாரங்களுக்குப் பின் லாரி ஒன்று அவசரமாக வந்தது. பெரியவர் வண்டியைப் பார்த்தவாறே, தாம் பின்னோக்கி நடந்து, அதனைத் தம்மை நோக்கி இழுத்துவந்தார். முதுகு சுவரில் முட்டியது. வண்டி நிற்கவில்லை. அச்சத்தில் விரல் விரியாது, இறுகும். அது மனித இயல்பு. இறுகிய விரல் ஓட்ட விசையை அழுத்தியபடியே இருந்தது. கைப்பிடி மேலெழவும் இடமில்லை. வண்டியை விலக்கியிருக்கவேண்டிய பொத்தானோ டேப்புக்குள் உறங்கிற்று. விலா எலும்புகள் இரண்டு முறிந்தன. உயிர் பிழைத்தது அருகில் இருந்த ஒருவர் ஓடிவந்து மின் இணைப்பைத் துண்டித்ததனால்.

மருத்துவமனையில் அவரைக் காணச் சென்றோம். குறை கூறும் தொனியே இன்றி அவர் கேட்டது இது: “ஐயா, அன்றைக்கு நீங்களும் அதைப் பார்த்தீர்கள் அல்லவா?” நம்மிடம் விடை இல்லை. அன்று முதல், எந்தக் கிடங்குக்குச் சென்றாலும் பணப்பெட்டியைத் திறப்பதற்கு முன் இயந்திரத்தையே முதலில் பார்க்கிறோம். பெரியவர் இன்று மூட்டை தூக்குவதில்லை, தூக்க இயலாது.

இந்நிகழ்ச்சியில் கொடியவர் எவரும் இல்லை என்பதை அன்பர்கள் கருதவேண்டும். தொல்லை தீர வழிதேடிய தொழிலாளி, வேலை நடந்தால் போதுமென இருந்த செயலாளர், படிவத்துக்கு வெளியே பாராத ஆய்வாளர் ஆகிய மூவரும் சேர்ந்தே அவ்விபத்தை உண்டாக்கினோம். ஆகவே விதிகளும் மூவருக்கும் உரியன.

வாங்குவதற்கு முன்

நூறு டன் கொள்ளும் சிறு கிடங்குக்கு மின்விசை டிராலி பெரும்பாலும் வேண்டுவதில்லை. கையால் எண்ணெய் அழுத்தம் கொடுத்துத் தள்ளும் எளிய டிராலியே போதும். விலையும் குறைவு, பழுதும் குறைவு. வரத்தும் அனுப்புதலும் நாள்தோறும் நிகழும் பெரிய கிடங்குக்கே மின்விசை பொருந்தும். வாங்க முடிவு செய்வோர் மூன்றை முன்னதாக ஆராய்க:

(1) தரை. கரங்களின் நுனியிலுள்ள உருளைகள் சுமார் மூன்று அங்குல விட்டமே உடையவை. ஓர் அங்குலப் பள்ளமும் அவற்றைச் சிறைப்படுத்தும். பெயர்ந்த சிமெண்டுத் தரையைச் செப்பனிடாமல் டிராலி வாங்குவது, வரப்பில் கார் ஓட்டுவதை ஒக்கும்.

(2) வழி. அட்டிகளுக்கு இடையே வண்டியும் பேலட்டும் திரும்புவதற்கு வேண்டிய அகலம் இருத்தல் வேண்டும். சுவருக்கும் அட்டிக்கும் இடையே விடும் சந்து, காற்றோட்டத்துக்கும் பூச்சி மருந்து தெளிப்பதற்கும் உரியது. வண்டி ஓட்டுவதற்கு அன்று.

(3) பழுதுபார்ப்பவர். உதிரிப்பொருளும் பழுதுபார்க்கும் ஆளும் எவ்வளவு நாளில் வந்துசேர்வர் என்பதை எழுத்தில் பெறுக. அவர் வாராமையாலேயே டேப்பு சுற்றப்படுகிறது.

பழைய வண்டி வாங்குவதில் குற்றமில்லை. ஆனால் அதன் கையேடும், தாங்கும் எடை பொறித்த தகடும் இல்லாத வண்டியை எக்காரணத்தாலும் வாங்கற்க.

யார் ஓட்டலாம்?

நிர்வாகக் குழு பெயர் குறித்து எழுத்தில் அனுமதித்தவர் மட்டுமே ஓட்டலாம். பதினெட்டு வயது நிரம்பாதவர் கூடாது. அமெரிக்க நாட்டில் இவ்வகை வண்டிகளை ஓட்டுவோருக்குப் பயிற்சியும் தேர்வும் கட்டாயம். மூன்றாண்டுகளுக்கு ஒருமுறையேனும் அவர் ஓட்டும் முறையை மீண்டும் மதிப்பிடவேண்டும் என்றும் அங்கு விதி உண்டு. நமது சங்கங்களும் இவ்வழக்கத்தைத் தாமே மேற்கொள்ளலாம். அரைமணிக் காட்சி பயிற்சி ஆகாது. முதலில் வெறும் வண்டி, பின்னர் பாதிச் சுமை, அதன்பின் முழுச்சுமை என்று, கூட்டமில்லாத வேளையில் சில நாட்கள் பழகவேண்டும்.

ஓட்டாத வேளையில் சாவி வண்டியில் இருத்தல் ஆகாது. அறுவடைக் காலத்தில் வண்டிகளோடு பிள்ளைகளும் கிடங்குக்கு வருவர். அவர்களுக்கு இது விளையாட்டுப் பொருளாகவே தோன்றும்.

உடையும் கவனிக்கத்தக்கது. தொங்கும் வேட்டி முனையும் தோள்துண்டும் சக்கரத்தில் சிக்கும். இறுகக் கட்டிக்கொள்ளல் வேண்டும். நமது கிடங்குகளில் பலர் வெறுங்காலோடு வேலை செய்கின்றனர். இந்த வண்டியின் அருகில் வெறுங்கால் கூடவே கூடாது. விரலுக்கு இரும்புக் கவசம் உள்ள காலணியைச் சங்கமே வாங்கித் தருதல் கடமை. அதன் விலை ஒரு நாள் மருத்துவச் செலவைவிடக் குறைவு.

வேலை தொடங்குமுன் ஐந்து நிமிடம்

உழவர் ஏரைப் பூட்டுமுன் கலப்பையையும் நுகத்தையும் பார்க்கிறார். நெசவாளர் தறியில் அமருமுன் பாவையும் பண்ணையையும் பார்க்கிறார். அதுபோன்றே ஓட்டுபவரும் காலையில் கீழ்வருவனவற்றைப் பார்த்துக் கையேட்டில் ஒப்பமிடல் வேண்டும்:

(1) கரங்களில் வெடிப்போ வளைவோ உண்டா?
(2) சக்கரங்களிலும் உருளைகளிலும் சணல், நூல், கம்பி சுற்றியுள்ளதா?
(3) தரையில் எண்ணெய்க் கசிவு உண்டா?
(4) கைப்பிடியை மேலே விட்டால் வண்டி நிற்கிறதா? தாழ்த்தினால் நிற்கிறதா?
(5) ஒலிப்பான் ஒலிக்கிறதா?
(6) அவசரத் துண்டிப்பு விசையை அழுத்தினால் வண்டி முழுதும் அணைகிறதா?
(7) வயிற்றுப் பொத்தான் வேலை செய்கிறதா? திறந்த வெளியில், முதுகுப்புறம் எதுவுமின்றி, மிக மெதுவாக ஓட்டி, உள்ளங்கையால் பொத்தானைத் தட்டிப் பார்க்கவேண்டும்.

இவ்வேழில் ஒன்று தவறினாலும் வண்டி அன்று ஓடலாகாது. சாவியைச் செயலாளரிடம் கொடுத்து, வண்டியில் ‘ஓட்டற்க’ என்ற அட்டையைத் தொங்கவிடுக. அன்றைய வேலை கைவண்டியால் நடக்கட்டும். ‘இன்று ஒருநாள் மட்டும்’ என்ற சொல்லே எல்லா விபத்துக்கும் தாய்.

கடற்கரை வட்டாரத்தார் இதில் மும்மடங்கு விழிப்பாயிருத்தல் வேண்டும். செய்யூரில் உப்பளம் விளையும் காற்றே கிடங்குக்குள்ளும் வீசுகிறது. இரும்பும் செம்பும் இங்கு விரைவில் துருவும் களிம்பும் ஏறும். பொத்தான் ஒட்டிக்கொள்வது தற்செயல் அன்று; எதிர்பார்க்கத்தக்கதே. ஆகவே உலர்ந்த துணியால் நாள்தோறும் துடைத்தலும், குறித்த காலத்தில் விசைகளைத் திறந்து சுத்தம் செய்வித்தலும் இன்றியமையாதன. ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டியை வெளித் தாழ்வாரத்தில் விடலாகாது.

சரக்கு ஏற்றும் முறை

தகட்டில் பொறித்த எடையே எல்லை. ஒரு பேலட்டில் வரிசைக்கு ஐந்தாக, 50 கிலோ மூட்டைகளை நான்கு வரிசை அடுக்கினால் 20 மூட்டை, 1,000 கிலோ. 40 கிலோ நெல் மூட்டையாயின் ஐந்து வரிசை, 25 மூட்டை, அதே 1,000 கிலோ. இவ்வாறு எண்ணிக்கையை எடையாக மாற்றிச் சுவரில் எழுதி வைத்தால் தவறு நேராது. இருப்புக் கணக்கும் எளிதாகும். ஒவ்வொரு பேலட்டும் ஒரே எண்ணிக்கையாயின் ஆய்வாளருக்கும் வேலை குறையும்.

ஒரு வரிசையில் மூன்று நெடுக்காகவும் இரண்டு குறுக்காகவும் வைத்தால், அடுத்த வரிசையில் அதனைத் திருப்பி வைக்கவேண்டும். செங்கல் சுவரில் இணைப்பு மாறுவதுபோல் மூட்டைகள் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். யூரியா மூட்டை வழுக்கும் தன்மையது; கயிற்றால் ஒரு சுற்றுக் கட்டுக. நெசவாளர் சங்கங்களில் நூல் மூட்டைகள் எடையில் குறைந்தும் பருமனில் மிகுந்தும் இருக்கும். அங்குத் தாங்கும் எடையைவிடப் பார்வை மறைவதே ஆபத்து. ஓட்டுபவருடைய கண்மட்டத்துக்கு மேல் அடுக்கற்க.

கரங்கள் இரண்டும் பேலட்டின் அடியில் முழுதும் நுழைந்த பின்னரே தூக்கவேண்டும். தரையைவிட்டு விலகும் அளவு தூக்கினால் போதும். உடைந்த பேலட்டின்மேல் நல்ல மூட்டையை அடுக்குதல், ஓட்டைக் குதிரில் நெல் கொட்டுதல் போன்றதே.

ஓட்டும் முறை

முன்னே நோக்கி நட. வண்டி உன் பின்னால் வரட்டும். ஆயின் அதன் நேர்முன்னே நடவாதே; கைப்பிடியின் நீளம் இடைவெளியாக இருக்க, சற்று ஒருபுறம் விலகி நட. நேர்முன்னே நடப்பவர் திடீரென நின்றால் வண்டி குதிகாலில் ஏறும். பின்னோக்கி நடப்பதன் பயனை மேலே கண்டோம். எவ்வளவு சிறு தூரமாயினும், முதுகுக்குப் பின் என்ன இருக்கிறதென அறியாமல் வண்டியைத் தம்மை நோக்கி இழுத்தலாகாது. சுவர், அட்டி, தூண் ஆகியவற்றுக்கும் வண்டிக்கும் நடுவே ஒருபோதும் நிற்கலாகாது.

கதவிலும் மூலையிலும் நின்று ஒலி எழுப்பிச் செல்க. சிந்திய தானியத்தைக் கூட்டும் பெண்கள் அட்டிகளுக்குப் பின் குனிந்திருப்பர். அவர்கள் கண்ணுக்குத் தெரியார். கரங்களின்மேல் ஆளை ஏற்றிச் செல்வது விளையாட்டாகத் தொடங்கி விபரீதமாக முடியும். நிறுத்தும்போது கரங்களைத் தரையில் இறக்கி, சாவியை எடுத்து, வழியை மறைக்காத இடத்தில் நிறுத்துக. உயர்த்திய கரம் இருட்டில் முழங்கால் மட்டத்துக்குக் கீழே நீட்டிய கத்தியாகும்.

சரிவும் லாரியும்

சரிவில் வண்டியைச் செலுத்தாதிருப்பதே முதல் விதி. பத்தடிக்கு ஓரடி உயரும் சரிவில், மேற்சொன்ன 1,400 கிலோவானது சுமார் 140 கிலோ விசையோடு கீழ்நோக்கி இழுக்கும். மழையில் நனைந்த சிமெண்டில் சக்கரம் பிடிக்காது. சரிவு தவிர்க்க இயலாதாயின் அவ்வண்டியின் கையேட்டைப் பார்க்கவேண்டும். சரக்கு மேட்டுப்பக்கம் இருக்கவேண்டும் என்று சிலரும், பள்ளப்பக்கம் இருக்கவேண்டும் என்று சிலரும் கையேடுகளில் கூறுகின்றனர். வண்டியின் அமைப்புக்கேற்ப அது வேறுபடும். எல்லோருக்கும் பொதுவான விதிகள் இவை: வண்டி நழுவினால் அது உருண்டுவரும் பாதையில் எவரும் நிற்கலாகாது, சரிவின் நடுவே திருப்பலாகாது, குறுக்காகச் செல்லலாகாது, நழுவும் வண்டியைக் கையால் தடுக்க முயலலாகாது. சரக்குப் போனால் போகட்டும்.

லாரிக்குள் ஏற்றும்போது லாரியின் கைத்தடை போடப்பட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைக்கப்பட்டுள்ளதை ஓட்டுபவரே கண்ணால் பார்க்கவேண்டும். கிடங்கு மேடைக்கும் லாரிக்கும் இடையே போடும் இரும்புத்தட்டு நகராதபடி பொருத்தப்படல் வேண்டும். லாரியின் பலகைத் தரை வண்டியையும் சுமையையும் சேர்த்துத் தாங்குமா என்பதும் ஆராயத்தக்கது.

பேட்டரியைப் பேணுதல்

இவ்வண்டிகளில் பல 24 வோல்ட்டு மின்சாரத்தில் இயங்குவன. ஈய அமில பேட்டரிக்கு மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படுகிறது. அது காற்றைவிட இலேசானது, கூரையடியில் தங்கும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தால் ஒரு பொறியிலேயே பற்றிக்கொள்ளும். ஆகவே மின்னேற்றும் இடம் காற்றோட்டம் உள்ளதாகவும், நூல், சாக்கு, சணல் ஆகியவற்றுக்கு அப்பாலும் இருத்தல் வேண்டும். அங்குப் பீடி, சிகரெட்டு கூடாது.

பேட்டரியின் முனைகளில் திருகுச்சாவி, மோதிரம், காப்பு எதுவும் படலாகாது. காய்ச்சி வடித்த நீரை மின்னேற்றம் முடிந்த பின்னர் ஊற்றுக; கிணற்று நீர் ஆகாது. கண்ணிலோ தோலிலோ அமிலம் பட்டால் உடனே நல்ல நீரால் கால்மணி நேரமாவது கழுவி, மருத்துவரிடம் செல்லவேண்டும். மின்னேற்றும் இடத்தருகே ஒரு வாளி நீர் எப்போதும் இருக்கட்டும். லித்தியம் பேட்டரிக்கு நீர் வேண்டா. ஆனால் அதற்கென்றே உரிய மின்னேற்றியை மட்டும் பயன்படுத்தவேண்டும்.

பலரும் அறியாத ஒன்றையும் கூறவேண்டும். தானியத்தில் வண்டு விழாதிருக்க அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைத்து அட்டியை மூடி மூட்டம் போடுகிறோம். அதிலிருந்து எழும் பாஸ்பீன் வாயு மனிதனுக்கு நஞ்சு என்பது தெரியும். அது செம்பையும் அரித்து, மின் இணைப்புகளைக் கெடுக்கும். எனவே மூட்டம் போடுமுன் டிராலியைக் கிடங்கிலிருந்து வெளியேற்றுக. காற்றாடவிட்டு, உள்ளே செல்லலாம் என உரியவர் கூறிய பின்னரே திரும்பக் கொண்டுவருக.

விபத்து நேர்ந்துவிட்டால்

முதலில் அவசரத் துண்டிப்பு விசையை அழுத்துக. அகப்பட்டவரைப் பிடித்து இழுக்காமல் வண்டியையோ சுமையையோ விலக்குக. 108க்குச் சொல்லி அனுப்புக. மார்பிலோ வயிற்றிலோ நசுங்கியவர் ‘ஒன்றுமில்லை’ என்று எழுந்து நின்றாலும் மருத்துவரிடம் காட்டியே தீரவேண்டும். உட்காயம் வெளியே தெரியாது.

அன்றே நிகழ்ச்சியைப் பதிவேட்டில் எழுதுக. எழுதாத விபத்துக்கு இழப்பீடு கோருவது கடினம். தொழிலாளியின் உரிமையைக் காக்கும் முதற்சான்று அவ்வேடே. காயம் படாமல் தப்பிய நிகழ்ச்சியையும் எழுதுதல் சாலச் சிறந்தது. இன்று மயிரிழையில் தப்பியது நாளை விலாவில் விழும்.

சுமைத் தொழிலாளரின் பிழைப்பு

இறுதியாக, கிடங்கு வாயிலில் மெல்லிய குரலில் கேட்கப்படும் ஒரு வினா உண்டு: இயந்திரம் வந்தால் சுமை தூக்குவோர் கதி என்ன?

நூறு டன் சரக்கு என்பது 50 கிலோ மூட்டைகள் 2,000. உள்ளே ஒருமுறை, வெளியே ஒருமுறை என 4,000 தடவை அது மனிதத் தோளில் ஏறுகிறது. 1967இல் உலகத் தொழிலாளர் நிறுவனம் வெளியிட்ட பரிந்துரை, வளர்ந்த ஆண் ஒருவர் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மிகலாகாது என்று கூறிற்று. அதற்குள் அடங்கும் மூட்டையாயினும், முப்பது ஆண்டு சுமந்தவருடைய முதுகெலும்பும் முழங்காலும் எந்நிலையில் உள்ளன என்பதை அவர் படியேறும்போது பாருங்கள். ஆகவே இயந்திரத்தை வெறுத்தல் தகாது.

ஆனால் தொழிலாளியை வெளியே அனுப்பிவிட்டு இயந்திரத்தை உள்ளே கொணர்வது கூட்டுறவும் ஆகாது. மூட்டையின் கனமும் சாய்வும் அவர் கை அறியும். எந்த அட்டி சாயும் என்பதை அவர் கண் அறியும். நல்ல ஓட்டுநராவதற்கு அவரைவிடத் தக்கவர் யார்? டிராலி வாங்கும் தீர்மானத்தைப் பொதுக்குழுவில் வைக்கும்போதே, இப்போதுள்ள தொழிலாளரில் யாருக்குப் பயிற்சி, அவருக்கு என்ன கூலி, மற்றவருக்கு என்ன வேலை என்பனவற்றையும் அதே தீர்மானத்தில் எழுதுவீர்களாக.

மேலே கூறிய பெரியவர் இன்று அச்சங்கத்தில் வேறு வேலையில் உள்ளார். காலையில் வண்டியை வெளியே எடுக்குமுன், இளைஞர் ஒருவர் அவரிடம் வந்து நிற்பார். பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்து, தம் உள்ளங்கையால் அந்தப் பொத்தானைத் தட்டிப் பார்ப்பார். வண்டி விலகி நிற்கும். அதன் பின்னரே சாவி கைமாறும். அவ்வேட்டில் ஒரு நாளும் ஒப்பம் விடுபடவில்லை என்பதை நாமே சரிபார்த்தோம்.

படிப்பு வட்டத்துக்கான வினாக்கள்

1. உங்கள் கிடங்கில் ஓராண்டில் எத்தனை மூட்டைகள் உள்ளே வந்து வெளியே செல்கின்றன? அதற்குக் கை டிராலி போதுமா, மின்விசை டிராலி வேண்டுமா?
2. கிடங்கின் தரையில் ஓர் அங்குலத்துக்கு மேற்பட்ட பள்ளங்கள் எங்கெங்கு உள்ளன? படம் வரைந்து குறிக்கவும்.
3. வயிற்றுப் பொத்தான் எதற்கு? அது பழுதானால் ஓட்டுபவர், செயலாளர், நிர்வாகக் குழு ஆகியோர் ஒவ்வொருவரும் செய்யவேண்டுவது யாது?
4. பின்னோக்கி நடந்து வண்டியை இழுப்பது ஏன் தவறு?
5. மூட்டம் போடும் நாளில் டிராலி எங்கே நிறுத்தப்படல் வேண்டும்? ஏன்?
6. டிராலி வாங்கும் தீர்மானம் ஒன்றை, தொழிலாளர் நலனுக்கான பகுதியோடு, உங்கள் பொதுக்குழுவுக்கு ஏற்றவாறு எழுதுக.